லேசருக்குக் காசு கட்டுமுன்

கேள்வி (முள்ளியவளை): இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு படர்ந்துவிட்டது. கிளிநொச்சி டவுனில் ஓர் அழகுநிலையத்தில், ஆறு தரம் லேசர் அடித்தால் அடியோடு போய்விடும் என்கிறார்கள். முழுக்காசையும் இப்போதே கட்டினால் விலைக்கழிவாம். கட்டலாமா?

பதில்: கட்டவேண்டாம் தங்கச்சி. மங்குக்கு லேசர் முதல் வைத்தியம் அல்ல. நிறத்தை உண்டாக்கும் கலங்கள் அங்கே ஏற்கெனவே உசுப்பேறி நிற்கின்றன. லேசரின் சூடு அவற்றை இன்னும் உசுப்பிவிடலாம். எங்களைப் போன்ற மாநிற, கறுப்புத் தோலில் முன்பைவிடக் கறுத்துப்போவதும், இடையிடையே வெள்ளைத் திட்டு விழுவதும் நடக்கிற காரியம். நன்றாக வெளுத்தாலும் வெயில் பட்டால் திரும்பி வரும். அப்படிப்பட்ட ஒன்றை 'அடியோடு' போக்குவேன் என்பவரிடம் முற்பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் அது மங்குதானா என்று ஒரு தோல் வைத்திய நிபுணர் பார்த்துச் சொல்லட்டும். பக்கத்து அரச வைத்தியசாலையில் காட்டி, தோல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே காசு இல்லை. கருத்தடை மாத்திரை எடுத்தால் அதையும், பால் கொடுத்தால் அதையும் சொல்லுங்கள். மாத்திரையாலும் மங்கு கூடும். பூசும் மருந்து வேலை செய்ய மாதக்கணக்கில் எடுக்கும், பொறுமை வேண்டும்.

சன்ஸ்கிரீன் வாங்குவதானால் தோல்நிறச் சாயம் கலந்ததை வாங்குங்கள். அதிலுள்ள இரும்பு ஒக்சைட், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு மறிக்கும்; மங்கை அந்த வெளிச்சமும் கறுக்க வைக்கும். ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிளில் போகும்போது ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓடினால் எந்தக் கிரீமும் ஈடுகொடுக்காது. லேபிள் இல்லாத 'வெள்ளையாக்கும்' டப்பாக்களைத் தொடவே வேண்டாம். ஸ்டீரொய்ட், பாதரசம் கலந்தவை அவற்றில் உண்டு.

கேள்வி (நெடுங்கேணி): கையில் கறுப்பு எழுத்தும் பச்சை இலையும் சிவப்புப் பூவுமாக டாட்டூ குத்தியிருக்கிறேன். ஒரே மெஷினில் எல்லாம் அழியுமா?

பதில்: பெரும்பாலும் இல்லை, தம்பி. ஒவ்வொரு மைநிறமும் ஒளியின் வெவ்வேறு அலைநீளத்தைத்தான் நன்றாக உறிஞ்சும். கறுப்புக்கு 1064 நானோமீற்றர், சிவப்புக்கு 532. பச்சைக்கு 694 அல்லது 755 வேண்டும். கடையில் இருப்பது 1064, 532 மட்டும் என்றால் எழுத்தும் பூவும் மங்கும், இலை பிடிவாதமாக நிற்கும். ஆகவே விலை கேட்குமுன் மெஷின் எது, அலைநீளம் என்ன, அடிப்பவர் யார் என்று கேளுங்கள். ஐபிஎல் (பலத்த வெளிச்சத்தை விட்டுவிட்டு அடிக்கும் மெஷின்) என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அது லேசரே இல்லை, டாட்டூவுக்கு ஆகாது, தோலைச் சுட்டுவிடும்.

லேசர் மையை நொறுக்க மட்டுந்தான் செய்யும், அள்ளிக்கொண்டு போவது உடம்பு. அதனால்தான் ஒவ்வொரு தரத்துக்கும் இடையில் ஆறு முதல் எட்டுக் கிழமை விடவேண்டும். கிழமைக்கு ஒருதரம் வா என்பவர் காசுக்கு அவசரப்படுகிறார். காயம் ஆறினால் தடித்த தழும்பு விழும் உடம்பு என்றால் முதலே சொல்லிவிடுங்கள். ஒரு சிறு மூலையில் அடித்துப் பார்த்து, சில கிழமை பொறுத்து, பிறகு மிச்சத்தைத் தொடச் சொல்லுங்கள். காசும் தரத்துக்குத் தரம் கட்டுவதே நல்லது.

கேள்வி (மாங்குளம்): எட்டுத் தரம் லேசர் அடிக்கக் காசு கட்டினேன். இரண்டாவது தரத்திலேயே முகம் சுட்டுக் கறுத்துவிட்டது. காசைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.

பதில்: மூன்றாவது தரத்துக்குப் போகாதீர்கள். முகத்தை வைத்தியரிடம் காட்டி, படமெடுத்து, பற்றுச்சீட்டோடு வையுங்கள். பற்றுச்சீட்டு தரவில்லையென்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள்; கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் பேசலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். "கொஞ்சம் பொறுங்கோ, தானாய் மாறும்" என்று அவர்கள் இழுத்தடிக்கும் நாளும் அந்தக் கணக்கில்தான் போகும்.