கடலோர வீட்டுக்கு எந்த மரத்தில் பெஞ்ச்?

கேள்வி: எங்கள் வீடு நாகப்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். வாசலில் அப்பா உட்கார ஒரு பெஞ்ச் போட வேண்டும். முன்பு போட்டதற்குக் கால்கள் அடியில் இற்றுவிட்டன. கடைக்காரர் மெரைன் பிளை போதும் என்கிறார், தச்சர் தேக்குதான் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: தச்சர் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. ஆனால் தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதிதான் மழைக்கும் கரையானுக்கும் நிற்கும். சுற்றியிருக்கும் வெளிறை, அது தேக்கே ஆனாலும், கரையான் விடாது. இளமரத்தில் வெளிறுதான் அதிகம். வைரம் பொன்னும் பழுப்புமாக இருக்கும், வெளிறு வெளுத்துத் தெரியும். பாலிஷ் போட்ட பிறகு இரண்டும் ஒன்றுபோல் ஆகிவிடும். அதனால் இழைத்த பிறகு, பாலிஷ் போடுவதற்கு முன்பே கட்டையைப் பார்த்து, ஓரத்தில் வெள்ளைக் கீற்று இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

புதுத்தேக்கின் விலை கட்டுப்படியாகாவிட்டால், பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். பழைய பர்மா தேக்கு உத்திரம் கிடைத்தால் நான் புது மரத்தைத் திரும்பியே பார்க்க மாட்டேன். ஆணித் துளைகள் இருக்கும், பரவாயில்லை. நன்றாக உலர்ந்த மரம், இனிமேல் முறுக்காது.

மெரைன் பிளை என்பது மெல்லிய மரத்தாள்களைப் பசையால் ஒட்டிச் செய்த பலகை. அதில் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தால் அதன் பசை கொதிநீரையும் தாங்கும். ஆனால் வெட்டிய ஓரங்கள் தண்ணீர் குடிக்கும், மேல் தாள் வெயிலில் வெடிக்கும். பிளையில் படகு கட்டுகிறவர்கள்கூட மேலே ஃபைபர் பூசித்தான் கடலில் இறக்குகிறார்கள். திறந்த வாசலுக்கு அது வேண்டாம்.

உங்கள் பழைய பெஞ்ச் அடியில் இற்றது என்று எழுதியிருக்கிறீர்கள். முக்கியமான விஷயமே அதுதான். மரத்தின் வெட்டுமுகம் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் ஈரத்தை மேலே இழுக்கும். எந்த மரமானாலும் கால்களைத் தரையில் புதைக்காதீர்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் கருங்கல் துண்டு வையுங்கள், காலின் அடிமுகத்தில் எபாக்சி என்ற ஈரம் புகவிடாத பசையைத் தடவச் சொல்லுங்கள். உட்காரும் பலகைகளுக்கு நடுவே 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் மழைநீர் தேங்காது.

உப்புக்காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். 304 ரக எவர்சில்வர் ஸ்குரூவிலும் கடலோரத்தில் பழுப்புப் புள்ளி வரும். மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 ரகம் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு பெஞ்சுக்கு எத்தனை ஸ்குரூ வேண்டியிருக்கும்!

வார்னிஷ் வேண்டாம். வெயிலில் அது வெடித்தால் உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியிருக்காது. எதுவுமே பூசாவிட்டாலும் தேக்கு வைரம் சாம்பல் நிறமாகுமே தவிர சீக்கிரம் இற்றுப்போகாது. நிறம் நிற்க வேண்டுமானால் ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் ஆளிவிதை எண்ணெய் தேய்த்து, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், துணி தானாகவே தீப்பற்றலாம். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.