பாய்ஸி ஸ்டேட் – ஓக்லஹோமா, 2007 ஃபியஸ்டா பௌல்: அந்த மூன்று ப்ளேக்கள் பற்றி கேள்வி பதில்

2007 ஜனவரி 1, அரிசோனாவின் கிளெண்டேல், சீசன் முடிவில் நடக்கும் ஃபியஸ்டா பௌல் ஆட்டம். பிக் 12 என்ற பெரிய கல்லூரி லீக்கின் சாம்பியனான ஓக்லஹோமாவை, அதிகம் பேர் பொருட்படுத்தாத ஐடஹோ மாநிலத்து பாய்ஸி ஸ்டேட் ஓவர்டைமில் 43-42 என்று வென்றது. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அஃபென்ஸ் (பந்தை வைத்து ஆடும் பக்கம்) எப்படி யோசிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்த ஆட்டத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அதைப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, கடைசி ஒரு நிமிடத்தில் என்னதான் நடந்தது? ஹைலைட்ஸ் பார்த்தும் வரிசை புரியவில்லை.

மூன்றாவது குவார்ட்டரில் பாய்ஸி 28-10 என்று முன்னால் இருந்தது. ஓக்லஹோமா விடாமல் துரத்தி வந்து, 1:26 பாக்கி இருக்கும்போது டச்டவுனும் (எண்ட் சோன் என்ற கடைசிப் பகுதிக்குள் பந்தைக் கொண்டுபோவது, 6 பாயிண்ட்), அதன் பின் இரண்டு பாயிண்ட் கன்வர்ஷனும் (மூன்று யார்டிலிருந்து மறுபடி எண்ட் சோனுக்குள் போவது; அதற்குப் பதில் பந்தை உதைத்தால் ஒரே ஒரு எக்ஸ்ட்ரா பாயிண்ட்) எடுத்து 28-28 ஆக்கியது. அடுத்து பாய்ஸியின் முதல் பாஸையே ஓக்லஹோமாவின் மார்கஸ் வாக்கர் இண்டர்செப்ட் செய்து (நடுவில் பறித்து) நேராக எண்ட் சோனுக்குள் ஓடிவிட்டார். 35-28. மீதி ஒரு நிமிடம்தான். பாய்ஸியின் குவார்ட்டர்பேக் (பாஸ் வீசி அஃபென்ஸை நடத்துபவர்) ஜாரெட் ஸப்ரான்ஸ்கி இதற்கு முன்பே பெரிய ஆட்டம் ஒன்றில் சொதப்பியவர். 2005 சீசனின் முதல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 48-13 என்று தோற்றபோது பந்தைத் திரும்பத் திரும்பப் பறிகொடுத்தார். அப்படிப்பட்டவரை நம்பி, ஆட்டம் கையை விட்டுப் போகும் நேரத்தில், இருப்பதிலேயே கடினமான ப்ளேயைக் கொடுத்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: அந்த "ஹுக் அண்ட் லேட்டரல்" வெறும் அதிர்ஷ்டம்தானே?

இல்லை, இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நிலைமையைப் பாருங்கள்: நான்காவது டவுன் (முன்னேற ஒரு அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி, தவறினால் பந்து எதிரணிக்கு), தேவை 18 யார்டு, பந்து 50 யார்டு கோட்டில், 18 விநாடி பாக்கி. பாய்ஸியின் ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) டிரிசன் ஜேம்ஸ் குறுக்கே ஓடி, ஏறக்குறைய 35 யார்டு கோட்டில் பாஸைப் பிடிக்கிறார். அதாவது 15 யார்டு, தேவைக்கு மூன்று யார்டு குறைவு. அந்தக் குறைவில்தான் விஷயமே இருக்கிறது. பிடித்த இடத்திலேயே அவரைச் சாய்த்துவிட்டால் ஆட்டம் முடிந்தது என்று டிஃபன்ஸுக்குத் தெரியும், அதனால் அருகில் இருந்தவர்கள் அவரை நோக்கிப் பாய்கிறார்கள். அவர்கள் செய்தது தவறே இல்லை, எந்தக் கோச்சும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார். சரியாக அந்த நேரத்தில் ஜெராட் ராப் எதிர்த்திசையில் ஓடி வருகிறார், ஜேம்ஸ் பந்தை அவருக்குத் தட்டிவிடுகிறார். ஒரு பக்கம் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த டிஃபண்டர்கள் நின்று திரும்புவதற்குள் ராப் ஓரமாக ஓடி, பாய்ந்து எண்ட் சோனைத் தொட்டார். கடிகாரத்தில் 7 விநாடி. எக்ஸ்ட்ரா பாயிண்டும் சேர்ந்து 35-35, ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது.

பாய்ஸி இந்த ப்ளேக்கு வைத்திருந்த பெயர் "சர்க்கஸ்". யோசனை புதிதல்ல, 1982 ஜனவரியில் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், சான் டியேகோவுக்கு எதிரான பிளேஆஃபில் மயாமி டால்ஃபின்ஸ் இதே வகை ப்ளேயில் டச்டவுன் எடுத்தார்கள்.

கேள்வி: பாஸ் பிடித்த பிறகு மறுபடி பாஸ் கொடுக்கலாமா? ரூல் என்ன?

முன்னோக்கி வீசும் பாஸ் ஒரு ப்ளேயில் ஒன்றுதான், அதுவும் ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ப்ளேயைத் தொடங்குவது) நடந்த கோட்டுக்குப் பின்னால் இருந்து மட்டும். பக்கவாட்டிலோ பின்னோக்கியோ எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஜேம்ஸ் கொடுத்தது கொஞ்சம் முன்னால் போயிருந்தாலும் தவறு என்று நடுவரின் கொடி விழுந்திருக்கும்.

கேள்வி: ஓக்லஹோமா அஃபென்ஸ் பற்றி யாருமே பேசுவதில்லையே சார்?

நியாயமான வருத்தம். 28-10இலிருந்து தொடர்ச்சியாக 25 பாயிண்ட் எடுத்த அணி அது. குவார்ட்டர்பேக் பால் தாம்ஸன் ரிசீவராக மாற்றப்பட்டவர். 2006 ஆகஸ்டில் ரெட் போமார் அணியிலிருந்து நீக்கப்பட்டதால்தான் மறுபடி குவார்ட்டர்பேக் ஆனார். அந்த 28-28க்கான இரண்டு பாயிண்ட் கன்வர்ஷன் கொடிகள் விழுந்து திரும்பத் திரும்ப ஆட வேண்டியதாகி, கடைசியில் வாக்கீன் இக்லேஸியாஸுக்குப் போன பாஸில்தான் கிடைத்தது. அந்த அழுத்தத்தில் ஒரே இரண்டு பாயிண்டுக்காக மறுபடி மறுபடி வந்து நிற்பது லேசான காரியமா? அப்புறம் ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) ஏட்ரியன் பீட்டர்சன். அக்டோபரில் காலர்போன் உடைந்து, அதற்குப் பிறகு அவர் ஆடிய முதல் ஆட்டமே இதுதான். கல்லூரி ஓவர்டைமில் இரண்டு அணிகளுக்கும் மாறி மாறி 25 யார்டு தூரத்திலிருந்து பந்து கிடைக்கும்; ஓக்லஹோமாவின் முதல் ப்ளேயிலேயே அந்த 25 யார்டும் ஓடி முடித்துவிட்டார். 42-35.

கேள்வி: ஓவர்டைமில் பந்து குவார்ட்டர்பேக்கிடம் போகவே இல்லையே, அது என்ன ப்ளே?

இப்போது பாய்ஸியின் முறை. நான்காவது டவுன், தேவை 2 யார்டு, எண்ட் சோன் ஐந்தாறு யார்டு தூரத்தில். ஸப்ரான்ஸ்கி இடது பக்கமாக நகர்ந்து போகிறார், ஸ்னாப் நேராக வின்னி பெரெட்டாவிடம் போகிறது. அவர் வலது பக்கம் ஓடுகிறார். இரண்டு யார்டு மட்டும் வேண்டும்போது இப்படி ஒருவர் ஓடினால், பந்தோடு ஓடப்போகிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவரோ ஓடிக்கொண்டே டைட் எண்ட் டெரெக் ஷௌமனுக்கு எண்ட் சோனில் பாஸ் போட்டார். மூன்று ப்ளேக்களில் இதைத்தான் மக்கள் மறந்துவிடுகிறார்கள், ஆனால் இது தவறியிருந்தால் அடுத்ததற்கு வாய்ப்பே இல்லை.

கேள்வி: 42-41 ஆன பிறகு எக்ஸ்ட்ரா பாயிண்ட் உதைத்து சமன் செய்யாமல் ஏன் இரண்டு பாயிண்டுக்குப் போனார்கள்? அசட்டுத் துணிச்சல் இல்லையா?

என் கணிப்பில் அதுதான் அந்த இடத்தில் நிதானமான முடிவு. எதிரணி உடல் பலத்தில் பெரியது, பீட்டர்சன் ஒரே ஓட்டத்தில் 25 யார்டு போய்விட்டார், இரண்டாவது ஓவர்டைமில் வரிசை மாறுவதால் பாய்ஸி முதலில் ஆட வேண்டும், ஓக்லஹோமா அதைப் பார்த்துவிட்டுப் பதில் ஆடும். களைத்த டிஃபன்ஸை மறுபடி அனுப்புவதா, மூன்று யார்டுக்கு நல்ல ப்ளே ஒன்று கையில் இருக்கும்போது அதை ஆடுவதா? ஹெட் கோச்சாக முதல் வருடத்தில் இருந்த கிறிஸ் பீட்டர்சன் இரண்டாவதை எடுத்தார்.

ப்ளே "ஸ்டாச்சு ஆஃப் லிபர்ட்டி". வலது பக்கம் மூன்று ரிசீவர்கள். ஸப்ரான்ஸ்கி பந்தை வாங்கி வலது பக்கம் பார்த்து வலது கையை வீசுகிறார், அது வெறும் கை. பந்து இடது கையில், முதுகுக்குப் பின்னால். ரன்னிங் பேக் இயன் ஜான்சன் அவசரப்படாமல் பின்னால் வந்து அதை எடுத்துக்கொண்டு இடது பக்கம் ஓடுகிறார். டிஃபன்ஸ் மொத்தமும் வலது பக்கம் சாய்ந்திருந்ததால் ஒருவர் கைகூட மேலே படாமல் உள்ளே போனார். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஸப்ரான்ஸ்கியின் கண்களை. கை பொய் சொன்னால் போதாது, பந்து கைமாறும்போதும் பார்வை வலது பக்கமே இருந்தது, ஒரு சின்னத் திரும்பல் கூட இல்லை.

கேள்வி: ஜான்சன் உடனே காதலியிடம் கல்யாணம் கேட்டது உண்மையா?

உண்மை. மைதானத்திலேயே, டிவி கேமரா முன்னால். காதலி அப்போது பாய்ஸி அணியின் சியர்லீடர்.

கேள்வி: தோல்வியே இல்லாமல் முடித்தும் சாம்பியன் ஆகவில்லையே?

13-0. செய்தியாளர்கள் வாக்களிக்கும் ஏபி தரவரிசைப் பட்டியலில் ஐந்தாவது இடம். சாம்பியன் ஃப்ளோரிடா. எனக்கு இது இன்றும் ஆறாத விஷயம், அந்த சீசனில் தோற்காத ஒரே அணிக்குக் கடைசி ஆட்டத்தில் நிற்க வழியே இல்லாத ஏற்பாடு அது. 12 அணிகள் ஆடும் பிளேஆஃப் 2024இல் வந்தபோது பாய்ஸிக்கு இடம் கிடைத்தது, அதே கிளெண்டேல் மைதானத்தில் பென் ஸ்டேட்டிடம் 31-14 என்று தோற்றார்கள். தோற்றாலும் பரவாயில்லை, களத்தில் ஆடித் தோற்பது வேறு.

கேள்வி: சனிக்கிழமை நண்பர்களோடு ஃப்ளாக் ஃபுட்பால் (மோதிச் சாய்க்காமல் இடுப்புக் கொடியைப் பிடுங்கி நிறுத்தும் வகை) ஆடுகிறோம். ஸ்டாச்சு முயற்சி செய்யலாமா?

தாராளமாக, ஆனால் அதை முதலில் எடுக்காதீர்கள். அதே ஃபார்மேஷனில் வலது பக்க ரிசீவருக்கு நிஜமான சின்ன பாஸ் நாலைந்து முறை போடுங்கள், அதில் யார்டும் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் எதிரணி அந்தப் பக்கம் எதற்கு ஓடப்போகிறது? ரன்னிங் பேக் சீக்கிரம் கிளம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் கெடுவது அங்கேதான். கை வீசி முடித்த பிறகு அவர் பந்தைத் தொட்டால் சரி. பந்தைப் பின்னால் நீட்டிக் கொடுக்க வேண்டாம், இடுப்போடு ஒட்டிப் பிடித்திருங்கள், எடுப்பது அவர் வேலை.