தேங்காய் சோர்பே வீட்டில் செய்தால் ஏன் கல்லாக உறைகிறது, வாயில் மெழுகு போல ஒட்டுகிறது? மெஷின் இல்லாமல் சரியாகச் செய்ய முடியுமா?

முடியும். உங்கள் இரண்டு குறைகளுக்கும் காரணம் மெஷின் இல்லாதது அல்ல, அளவு. பெரும்பாலும் நீங்கள் செய்தது இப்படி இருக்கும்: 400 மில்லி டின் தேங்காய்ப்பால், அரை கப் சர்க்கரை, கொஞ்சம் வெனிலா, கலக்கி ஃப்ரீசரில் வைத்தாயிற்று. அரை கப் என்பது 100 கிராம். மொத்த எடையில் சர்க்கரை 20 சதவீதம், கொழுப்பு 14 சதவீதம். சர்க்கரை குறைவு என்பதால் கல்லாகிறது. கொழுப்பு அதிகம் என்பதால் மெழுகாகிறது.

தொடங்கும் முன் ஒன்று. "சோர்பே என்றால் பழமும் சர்க்கரைப் பாகும்தான், கொழுப்பே இருக்கக் கூடாது, நீங்கள் சொல்வது சோர்பேயே இல்லை" என்று கீழே யாராவது எழுதுவார்கள். இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் பால் சேராத, தேங்காய்ப்பாலில் உறையவைத்த இதை உலகம் முழுக்க அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லே நம் தெருமுனை நன்னாரி சர்பத்தின் உறவுதான். இரண்டுக்கும் வேர் 'குடித்தல்' என்ற பொருளுள்ள அரபிச் சொல். பெயர்ச் சண்டை வேண்டாம். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிவிட்டு சோர்பே என்று வீடியோ போடுபவர்களிடம் போய்ச் சண்டை போடுங்கள். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் 'சோர்பே' என்ற சொல்லை நம்பித்தான் வாங்குகிறார்கள்.

உறைதலின் கணக்கு இதுதான். தண்ணீரில் சர்க்கரை கரைந்திருந்தால் அது உறையும் வெப்பநிலை இறங்கும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும்போது கலவையில் ஒரு பங்கு தண்ணீர் உறையாமல் பாகாகவே தங்கவேண்டும். அதுதான் கரண்டி இறங்க இடம் கொடுப்பது. தேங்காயின் சொந்த இனிப்பையும் சேர்த்து மொத்தச் சர்க்கரை 25 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சரியாக வரும். "உடம்புக்கு நல்லது, சர்க்கரையைப் பாதியாக்கிவிட்டேன்" என்பவர்களுக்குக் கிடைப்பது செங்கல். இனிப்பு மாத்திரையும் ஸ்டீவியாவும் நாக்குக்கு இனிக்கும், உறைநிலையை இறக்காது. திகட்டுகிறது என்றால் சர்க்கரையைக் குறைக்காமல் ஒரு பகுதியைக் குளுக்கோஸாக மாற்றுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் வாசனை சேர்க்காத குளுக்கோஸ் பொடி போதும். அதே எடைக்கு உறைநிலையை ஏறக்குறைய இரண்டு மடங்கு இறக்கும். இனிப்போ சர்க்கரையைவிடக் குறைவு.

அடுத்தது கொழுப்பு. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள்தானே? தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். ஃப்ரீசரில் அது கெட்டி மெழுகு. பாலில் நன்றாகக் கலந்து பொடிப்பொடித் துளியாக இருந்தால் நாக்கில் தெரியாது, திரண்டு நின்றால் மேல்வாயில் அப்பிக்கொள்ளும். அளவு 10 சதவீதம் அருகே இருக்கட்டும். மிகவும் குறைந்தால் குச்சி ஐஸ் மாதிரி நறநறக்கும்.

இனி அளவு. பாலும் எலுமிச்சைச் சாறும் தவிர மற்றதெல்லாம் தராசில் நிறுத்துச் செய்யவேண்டியது. கப், ஸ்பூன் கணக்கை இதில் நம்பவேண்டாம். கெட்டியான முதல் பால் 400 மில்லி, இரண்டாம் பால் 200 மில்லி, சர்க்கரை 150 கிராம், குளுக்கோஸ் 30 கிராம், சோள மாவு (வெள்ளை கார்ன்ஃப்ளார்) 8 கிராம், உப்பு 2 கிராம். கடைசியில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, விருப்பமிருந்தால். உப்பை விட்டுவிடாதீர்கள், உப்பில்லாத தேங்காய் சோர்பே சப்பென்று சோப்பு வாடையடிக்கும்.

நடுத்தர அளவில் முற்றிய தேங்காய் இரண்டு வேண்டும், துருவினால் 400 முதல் 450 கிராம் வரும். ஆட்டிப் பார்த்தால் தண்ணீர் தளும்பவேண்டும். தண்ணீர் வற்றியது, விரிசல் விட்டது, கண் ஈரமாக இருப்பது மூன்றும் வேண்டாம். லேசான காறல்கூட உறைந்த பிறகு தொண்டையில் தெரியும். சமையலில் தாளிப்பு மறைத்துவிடும் சிக்கு வாடையை இதில் மறைக்க எதுவும் இல்லை. சொல்லவந்ததோடு சம்பந்தமில்லாத ஒன்று: தேங்காயைக் கேட்டதும் குடுமியைச் சுத்தமாகப் பிய்த்துத் தரும் கடைக்காரர்களை என்ன செய்வது? கண்களை மூடிக் காப்பதே அந்தக் குடுமிதான். அதைப் பிய்த்தால் சீக்கிரம் கெடும். அன்றே உடைக்கப்போவதில்லை என்றால் "குடுமியோடு கொடுங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள். எடைபோட்டு விற்கும் இடங்களில் மொட்டைத் தேங்காயாகவே அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே சொல்லியும் பயனில்லை.

உடைத்த மூடிகளை ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து எடுத்தால் பருப்பு ஓட்டிலிருந்து எளிதாகக் கழன்று வரும். பழுப்புத் தோலைச் சீவியால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சாம்பல் நிறமும் சின்னக் கசப்பும் வரும். சிறு துண்டாக்கியோ துருவியோ, கை பொறுக்கும் சூட்டில் 300 மில்லி வெந்நீர் ஊற்றி மிக்ஸியில் அடியுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கொழுப்பு சரியாக இறங்காது. சட்னிபோல் நைசாக அரைத்தால் துணியில் பிழிய முடியாது, சக்கையும் பாலோடு வந்துவிடும். கொரகொரப்பாக நிறுத்தி மெல்லிய வெள்ளைத் துணியில் இறுக்கிப் பிழிந்தால் 400 மில்லி சொச்சம் வரும். அதே சக்கையில் 250 மில்லி வெந்நீர் விட்டு மறுபடி பிழிந்தது இரண்டாம் பால். வெறும் தண்ணீருக்குப் பதில் இதைச் சேர்ப்பதால்தான் மணம் நிற்கிறது.

பாக்கெட் பால் வாங்குவதாக இருந்தால் உறையில் கொழுப்பைப் பாருங்கள். 100 மில்லிக்கு 17 கிராமுக்கு மேல் இருந்தால் முதல் பாலுக்குச் சமம், இரண்டாம் பாலின் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். 'லைட்' என்று போட்டது உதவாது. குவார் கம், அதாவது 412, இருந்தால் பயப்படவேண்டாம். அது கொத்தவரை இனத்து விதையின் பிசின், இங்கே உதவியே செய்யும். அது இருக்கிற பாலுக்குச் சோள மாவைப் பாதியாக்குங்கள். தேங்காய்ப்பால் பொடிகள் பலவற்றில் கேசினேட் இருக்கும். அது பசும்பாலின் புரதம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தப் பொடியில் செய்து கொடுத்துவிடாதீர்கள்.

இரண்டாம் பாலில் கொஞ்சம் எடுத்து, ஆறிய நிலையிலேயே சோள மாவைக் கரையுங்கள். மீதியைச் சர்க்கரையோடு அடுப்பில் வைத்து, சூடானதும் கரைசலை ஊற்றிக் கிளறுங்கள். கொப்புளம் வந்து பளபளப்பான கஞ்சியாகும். அதன்பின் ஒரு நிமிடம் போதும். மாவு வேகாமல் இறக்கினால் பச்சை மாவு வாடை உறைந்தாலும் போகாது. இப்போது தீயைக் குறைத்து முதல் பால், குளுக்கோஸ், உப்பு சேர்த்து 70, 75 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வெப்பமானி இல்லையா, ஆவி நன்றாகக் கிளம்பி ஓரத்தில் பொடிக் குமிழி தெரியும் நிலை. கொதிக்கவிடக் கூடாது. 80 டிகிரியைத் தாண்டினால் தேங்காய்ப் புரதம் கட்டிப் பால் திரிந்துவிடும். சொதிக்கும் குருமாவுக்கும் முதல் பால் ஊற்றியதும் அடுப்பை அணைப்பது இதனால்தான். "அப்படியானால் சூடே வேண்டாமே" என்பீர்கள். பச்சைத் தேங்காய்ப்பால் சீக்கிரம் புளிக்கும் பொருள். இரண்டு மூன்று நிமிடச் சூடு அதற்கும் சேர்த்துத்தான்.

வெதுவெதுப்பாக இருக்கும்போதே மிக்ஸியில் ஒரு நிமிடம் அடியுங்கள். மெழுகுத் தொல்லைக்கு உண்மையான மருந்து இந்த ஒரு நிமிடம்தான்: கொழுப்பு உருகிய நிலையில் அடிபடுவதால் பொடித் துளியாகிறது, வெந்த சோள மாவு அதை மறுபடி கூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆறிப்போன பாலை அடித்தால் பயன் பாதிதான். பிறகு பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் இறக்கிக் கிளறிக் கிளறி ஆறவைத்து, 4 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ராத்திரி முழுக்க வைத்தால் மேலே வெள்ளைத் தகடு கட்டும். அப்படியே உறையவைத்தால் அந்தத் தகடு துணுக்குத் துணுக்காக வாயில் தட்டும். கொஞ்சம் சூடுகாட்டி மறுபடி அடித்துக் குளிரவைக்கவேண்டும்.

மெஷின் உள்ளவர்கள் கிண்ணத்தை 24 மணி நேரம் உறையவைத்து, 20, 25 நிமிடம் சுற்றவிட்டு, குழைவான சாஃப்டி பதத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் கெட்டியாகட்டும் என்று ஓடவிட்டால் மோரில் வெண்ணெய் திரள்வதுபோலக் கொழுப்பு திரளும்.

மெஷின் இல்லாத உங்களுக்கு மிக்ஸி வழி. கலவையில் 3 மேசைக்கரண்டி எடுத்துத் தனியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மீதியை ஐஸ் ட்ரேயில் ஊற்றி 8 மணி நேரம் விடுங்கள். மிக்ஸி ஜாரையும் பிளேடோடு குளிரவையுங்கள். கட்டிகளை வெளியே 5 நிமிடம் வைத்து, ஜாரில் பாதிக்கு மேல் போடாமல், எடுத்துவைத்த கலவையைக் கொஞ்சம் விட்டு, விப்பர் பக்கம் திருப்பித் திருப்பி ஐந்தைந்து விநாடியாக அடியுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் மோட்டார் திணறி நின்றுவிடும். அப்போது பதறவேண்டாம், அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனைக் கொஞ்சம் ஆறவிட்டு அழுத்தினால் போதும். மணல் போல உதிர்ந்து, பிறகு திடீரென்று களிபோல ஒன்றுசேரும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஆழமில்லாத எவர்சில்வர் டப்பாவில் பரப்பி, மேலே ஒட்டினாற்போல் ஒரு தாளை வைத்து மூடி, 3 மணி நேரம் உறையவிடுங்கள். பிளாஸ்டிக்கைவிட எவர்சில்வரில் குளிர் விரைவாக இறங்கும். விரைவாக உறைந்தால் படிகம் சிறிதாகும்.

ஃப்ரீசர் வலுவில்லை, கடை ஐஸ்கிரீமே அதில் குழைந்துதான் நிற்கிறது என்றால் பழைய வழிதான்: பக்கெட்டில் 3 கிலோ உடைத்த ஐஸுக்கு 1 கிலோ கல் உப்பு, நடுவில் பாதி மட்டும் நிரப்பிய எவர்சில்வர் தூக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து ஓரத்தைச் சுரண்டிக் கலக்கினால் 40 நிமிடத்தில் பதம் வரும். உப்பு நீர் மூடிக்குக் கீழேயே நிற்கட்டும். ஒரு கரண்டி உள்ளே போனாலும் அத்தனையும் வீண்.

தண்ணீருக்குப் பதில் இளநீர் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: ஊற்றலாம், பெரிய மாற்றம் வராது. இளநீரில் சர்க்கரை 5 சதவீதத்தை ஒட்டித்தான், மீதி ஏறக்குறைய தண்ணீர். காய்ச்சினால் அந்த மெல்லிய மணமும் போய்விடும். வழுக்கையைத் துண்டாகப் போடாதீர்கள், உறைந்தால் ரப்பர். 100 கிராம் வழுக்கையை மைய அரைத்துச் சேர்த்தால் குழைவு கூடும். கருப்பட்டி நன்றாக இருக்கும், ஆனால் அது கருப்பட்டி சோர்பே. தேங்காய் பின்னால் போய்விடும். ஏலக்காய் போட்டால் பாயசத்தை உறையவைத்தது போல இருக்கும்.

நீங்கள் செய்து கல்லாகிப்போன அந்த டப்பாவைக் கொட்டவேண்டாம். உருக்கி, மேலே சொன்ன டின் கணக்குதான் என்றால் 200 மில்லி தண்ணீரில் 8 கிராம் சோள மாவு, 50 கிராம் சர்க்கரை, 30 கிராம் குளுக்கோஸ், 2 கிராம் உப்பு போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சி, இரண்டையும் சேர்த்து வெதுவெதுப்பாக மிக்ஸியில் அடித்து, குளிரவைத்து மறுபடி உறையவையுங்கள். பால் திரிந்து எண்ணெய் தனியாகப் பிரிந்திருந்தால் மட்டும் இது வேலை செய்யாது. பரிமாறும் முன் 5 முதல் 10 நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள். மின்சாரம் போய் ஒருமுறை உருகி உறைந்தது பொரபொரப்பாகிவிடும். அதையும் இதேபோல் ட்ரேயில் உறையவைத்து அடித்தால் சரியாகும்.