அஞ்சு டாலர் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? அமெரிக்க அதிபர் தேர்தல் நன்கொடை: கேள்வி பதில்

நான் வழக்கறிஞர் இல்லை. பிரசாரக் குழுக்களில் நன்கொடைக் கணக்கு எழுதி, எஃப்.இ.சி. என்கிற மத்தியத் தேர்தல் ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் வேலையில் பல வருஷம் இருந்தவன். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டல்லாஸ்: அண்ணா, ஒன்பது வருஷமாக எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். வரி ஒழுங்காகக் கட்டுகிறேன். 25 டாலர் கொடுக்கலாமா?

கூடாது தம்பி. வரி கட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குடியுரிமை உள்ளவர்களும் கிரீன் கார்டு கையில் உள்ளவர்களும் மட்டும்தான் கொடுக்கலாம். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்பது கணக்கில் வராது. ஒரு டாலர் கொடுத்தாலும் தப்புதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: வேட்பாளரின் கடையில் தொப்பியோ டி-ஷர்ட்டோ வாங்கினாலும், கொடுத்த விலை முழுவதும் நன்கொடைதான். ஆசைக்கு ஒரு தொப்பி என்று வாங்கிவிடாதீர்கள். சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யலாம். போன் பண்ணலாம், வீடு வீடாகப் போகலாம். பணத்தை எதில் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் உட்காரக் கூடாது.

எடிசன்: கணவர் சிட்டிசன், நான் எச்1பி. கூட்டு வங்கிக் கணக்கிலிருந்து அவர் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். காசோலையில் யார் கையெழுத்தோ அவர்தான் நன்கொடையாளர். கையெழுத்தும் அவருடையதாக இருக்க வேண்டும், முடிவும் அவருடையதாக இருக்க வேண்டும். உச்சவரம்பு ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. 2023-24-ல் ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி ஒன்று, பொதுத்தேர்தல் ஒன்று என்பதால் ஒரே வேட்பாளருக்கு மொத்தம் 6,600. இது விலைவாசியோடு ஏறும், 2025-26-க்கு 3,500.

சார்லட்: எங்கள் முதலாளி தனக்குப் பிடித்த வேட்பாளருக்கு எங்களையெல்லாம் கொடுக்கச் சொல்கிறார். அப்புறம் போனஸில் சேர்த்துத் தந்துவிடுவாராம்.

வேண்டவே வேண்டாம். இந்த ஒரு கேள்விக்காகவே நான் இன்று உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் கொடுப்பது கிரிமினல் குற்றம். நியூயார்க் ஹோட்டல் அதிபர் சந்த் சிங் சத்வால், பத்மபூஷண் வாங்கியவர். ஹிலரி கிளின்டனின் 2008 பிரசாரம் உட்பட மூன்று பேருக்கு இப்படி ஆள் வைத்து 1,80,000 டாலருக்கு மேல் கொடுத்ததற்காக 2014-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதே வருஷம் மும்பையில் பிறந்த எழுத்தாளர் தினேஷ் டிசோசாவும் ஒப்புக்கொண்டார். அது செனட் தேர்தல், தொகை வெறும் 20,000 டாலர். 2018-ல் அவருக்கு அதிபர் மன்னிப்பு கிடைத்தது. உங்களுக்கும் எனக்கும் கிடைக்காது.

முதலாளிக்குப் பதிலை வாயால் சொல்லாமல் மின்னஞ்சலில் எழுதிச் சொல்லுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

சான் ஹோசே: 200 டாலருக்குள் கொடுத்தால் பெயர் வெளியே வராதுதானே?

பாதி சரி. ஒரு தேர்தல் சுற்றில் உங்கள் மொத்தம் 200 டாலரைத் தாண்டினால்தான் பிரசாரக் குழு உங்கள் பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் நிறுவனம் எல்லாவற்றையும் அறிக்கையில் எழுத வேண்டும். மொத்தம் என்பதைக் கவனியுங்கள். 2016-ல் பெர்னி சாண்டர்ஸ் மேடைக்கு மேடை சொன்ன சராசரி 27 டாலரையே எடுத்துக்கொள்வோம். மாதம் 27 கொடுத்தால் ஏழாம் மாதம் 189. எட்டாம் மாதம் 216, பட்டியலில் பெயர் வந்துவிடும். சிறு நன்கொடையாளர் என்ற கணக்கிலிருந்தும் அன்றோடு வெளியேறிவிடுவீர்கள். நாளிதழ்களில் வரும் “சிறு நன்கொடை இத்தனை சதவீதம்” என்ற எண்ணை இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

மீதிப் பாதி: ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பயன்படுத்தும் ஆக்ட்புளூ, குடியரசுக் கட்சிக்காரர்களின் வின்ரெட் இரண்டும் இடையில் நின்று பணத்தை வாங்கிக் கைமாற்றுபவை. அவை தனியாக அறிக்கை கொடுக்கும். அதனால் ஆக்ட்புளூ வழியாக அஞ்சு டாலர் கொடுத்தவர் பெயரும் எஃப்.இ.சி. இணையதளத்தில் கிடைக்கும். உங்கள் மேலாளர் தேடினால் அவருக்கும் கிடைக்கும். அந்தப் பட்டியலை எடுத்து வியாபாரம் செய்யவோ நிதி கேட்கவோ கூடாது என்று சட்டம் இருக்கிறது. பார்ப்பதற்குத் தடை இல்லை.

சிகாகோ: அப்பாவுக்கு 74 வயது, சிட்டிசன். ஒரே ஒரு முறை 20 டாலர் கொடுத்தார். வாராவாரம் கார்டில் போய்க்கொண்டே இருக்கிறது.

பணம் செலுத்தும் பக்கத்தில் “இதை வாராவாரம் தொடரட்டும்” என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருப்பார்கள். அப்பா அதை எடுத்திருக்க மாட்டார். 2020 தேர்தலுக்குப் பிறகு இது பெரிய பிரச்சினையாகி, 2021 மே மாதம் எஃப்.இ.சி. ஆணையர்கள் கட்சி வேறுபாடு இல்லாமல் ஒருமனதாக இதைத் தடை செய்யச் சொல்லி நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தார்கள். இன்றே ரசீது மின்னஞ்சலைத் தேடி எடுங்கள். அதிலிருந்தே தவணையை நிறுத்தலாம், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். மறுத்தால் கார்டு வங்கியிடம் முறையிடுங்கள்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: பொத்தானை அழுத்தும் முன் பக்கத்தை அடிவரை படியுங்கள்.

ஆஸ்டின்: எஃப்1 மாணவர் விசாவில், ஓ.பி.டி. என்ற வேலைப் பயிற்சியில் இருந்தால்?

டல்லாஸ் தம்பிக்குச் சொன்னதேதான்.

சியாட்டில்: எதற்கு இந்த வேலையெல்லாம்? 2024-ல் ஈலான் மஸ்க் ஒருவரே 25 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். என் 25 டாலர் கடலில் கரைத்த பெருங்காயம்.

கோபம் நியாயமானது. 1976-ல் பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் நன்கொடைக்கு வரம்பு வைக்கலாம், செலவுக்கு வைக்கக் கூடாது என்றது. 2010-ல் சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்பும் அதைப் பின்பற்றிய இன்னொரு தீர்ப்பும் வந்து, வேட்பாளரிடம் கொடுக்காமல் தனியாகச் செலவழிக்கும் சூப்பர் பேக் என்ற குழுக்களுக்கு வரம்பே இல்லாமல் போனது.

ஆனால் வேட்பாளருக்குப் போகும் உங்கள் 25 டாலரும் சூப்பர் பேக்குக்குப் போகும் கோடிகளும் ஒரே மாதிரிப் பணம் இல்லை. தேர்தல் நெருங்கும்போது, பிரைமரிக்கு முன் 45 நாள், பொதுத்தேர்தலுக்கு முன் 60 நாள், வேட்பாளருக்குத் தொலைக்காட்சி நிலையங்கள் மிகக் குறைந்த விளம்பரக் கட்டணத்தில்தான் விற்க வேண்டும். சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது, சந்தை விலைதான். வேட்பாளரின் அலுவலக வாடகை, ஊழியர் சம்பளம் எல்லாம் அவருடைய சொந்தக் கணக்கிலிருந்துதான் போக வேண்டும். 2015-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற ஸ்காட் வாக்கரை ஆதரித்த சூப்பர் பேக்கில் கோடிக்கணக்கில் பணம் இருந்தது. அவருடைய கணக்கு வறண்டது. செப்டம்பரிலேயே விலகினார். அதே போட்டியில் இருந்த ஜெப் புஷ்ஷுக்காகச் சூப்பர் பேக்கில் திரண்டது பத்துக் கோடி டாலருக்கு மேல். தெற்கு கரோலினா பிரைமரியோடு அவர் கதை முடிந்துவிட்டது.

அட்லாண்டா: சியாட்டில் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் நீங்கள் சிறு நன்கொடையைப் புனிதமாக்குகிறீர்கள் அண்ணா. கத்துகிறவனுக்குத்தான் அது குவிகிறது.

அது உண்மை, நானே பார்த்திருக்கிறேன். நிதானமான கொள்கை அறிக்கைக்கு வராத பணம், எதிராளியைத் திட்டிய அன்று இரவு வந்து கொட்டும். மின்னஞ்சல் எழுதுபவர்களுக்கும் அது தெரியும். “நள்ளிரவோடு முடிகிறது”, “உங்கள் பணத்தை ஐந்து மடங்காக்குகிறோம்” என்பார்கள். வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு ஒருவர் 3,500-க்கு மேல் கொடுக்கவே முடியாது என்கிறபோது லட்சம் பேர் பணத்தை ஐந்து மடங்காக்குவது யார்? நம்பாதீர்கள்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மாலை வந்த தபால் உறையில் நான்கு ஐம்பது டாலர் நோட்டுகள். கூடவே ஒரு சீட்டு: பெயர், முகவரி, “ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர்” என்று நடுங்கிய கையெழுத்தில். ரொக்கமாக 100 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. இரண்டு நோட்டை ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்பினோம். அடுத்த வாரம் அதே தொகைக்குக் காசோலை வந்தது, அதே கையெழுத்து. அவர் எந்தக் கூச்சலுக்கும் மயங்கிக் கொடுத்தவர் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இருக்கும் ஒரே வழியை, மற்றவர்கள் அதைக் கெடுக்கிறார்கள் என்பதற்காக நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சியாட்டில்: ஆணையமே தூங்குகிறதே, விதி இருந்து என்ன?

சட்டப்படி ஆறு ஆணையர்கள், ஒரு கட்சிக்கு மூன்று பேருக்கு மேல் கூடாது, எதற்கும் நாலு ஓட்டு வேண்டும். அதனால் பல வழக்குகள் 3-3 என்று நின்றுவிடும். 2019 செப்டம்பரிலிருந்து பல மாதம் நாலு பேரே இல்லை. இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பஃபலோ: எல்1 விசா?

கூடாது. எச், எல், எஃப், ஜே எந்த எழுத்தாக இருந்தாலும் கூடாது. இனி விசாக் கேள்விகளுக்குப் பதில் எழுத மாட்டேன்.

டெட்ராய்ட்: வெறும் ஒரு டாலர் கொடுங்கள் என்று கெஞ்சுகிறார்களே, ஏன்?

தலை எண்ணிக்கைக்காக. 2019-ல் ஜனநாயகக் கட்சி விவாத மேடையில் ஏற 65,000 நன்கொடையாளர்களைக் காட்டுவது ஒரு வழி; 2023-ல் குடியரசுக் கட்சி 40,000 பேர் வேண்டும் என்றது. அந்தக் கட்சியில் அப்போது போட்டியிட்ட டக் பர்கம் ஒரு டாலர் கொடுத்தவர்களுக்கு 20 டாலர் பரிசு அட்டையே கொடுத்தார்.

சென்னை: மகன் அங்கே சிட்டிசன். நான் பணம் அனுப்பி அவன் பெயரில் கொடுக்கச் சொல்லலாமா? வரிச்சலுகை உண்டா?

கூடாது ஐயா. வெளிநாட்டுப் பணம், அடுத்தவர் பெயர் என்று இரண்டு தப்பு ஒன்றாகச் சேர்கிறது. கட்சி நன்கொடைக்கு நம் ஊர் வருமான வரியில் இருப்பது மாதிரி கழிவும் இங்கே கிடையாது.

பீனிக்ஸ்: வரிப் படிவத்தில் தேர்தல் நிதிக்கு 3 டாலர் என்று ஒரு கட்டம் வருகிறதே?

டிக் செய்தால் உங்கள் வரி ஏறாது, திரும்பி வரும் பணமும் குறையாது. அது அதிபர் வேட்பாளர்களுக்கான அரசு நிதி; அதை வாங்கினால் செலவு வரம்பை ஏற்க வேண்டும் என்பதால் பெரிய வேட்பாளர்கள் ஒதுங்கிவிட்டார்கள். 2008 பொதுத்தேர்தலில் முதலில் வேண்டாம் என்றவர் ஒபாமா. அவரை எதிர்த்து நின்ற மெக்கெய்ன் 8.4 கோடி டாலரை வாங்கிக்கொண்டு அதற்குள் கட்டுண்டார்.

ரிச்மண்ட்: விசாக் கேள்வி இல்லை அண்ணா! நான் எச்1பிதான், ஆனால் மகள் இங்கே பிறந்தவள், 11 வயது. உண்டியலில் 18 டாலர் இருக்கிறது, கொடுத்தே தீருவேன் என்கிறாள்.

இதற்குச் சந்தோஷமாகப் பதில் எழுதுகிறேன். கொடுக்கலாம். முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும், பணமும் அவளுடையதாக இருக்க வேண்டும். பிறந்தநாளுக்குத் தாத்தா கொடுத்தது உண்டியலில் சேர்ந்திருந்தால் பரவாயில்லை. இதற்கென்றே நீங்கள் இன்று போட்டால் அது உங்கள் பணம், கூடாது. உண்டியலை நீங்கள் வைத்துக்கொண்டு உங்கள் கார்டில் கட்டிவிடவும் கூடாது. பக்கத்தில் பிரசார அலுவலகம் இருந்தால் அவளையே கூட்டிப் போங்கள். மேசையில் இருப்பவர் சில்லறையை எண்ணி, பெயரும் முகவரியும் கேட்பார். அதை அவளே சொல்லட்டும்.