வைரம் ஏன் கிராஃபைட்டாக மாறுவதில்லை?

கார்பனின் இரு வடிவங்களில், அறை வெப்பநிலையில் வைரமல்ல, கிராஃபைட்டே நிலையானது என்றால் பாட்டியின் வைர மூக்குத்தி ஏன் கரியாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த மாற்றத்தை எந்த இயற்கை விதியும் தடைசெய்யவில்லை. அதன் நிகழ்தகவுதான் ஏறத்தாழ சுழியம்.

குழப்பத்துக்குக் காரணம், பாடநூல் ‘நிலையானது’ என்ற ஒரே சொல்லில் இரண்டு கேள்விகளை அடக்குவதாக இருக்கலாம்: எந்த வடிவத்துக்கு ஆற்றல் குறைவு, அங்கே போய்ச்சேர எவ்வளவு காலம் ஆகும். முதலாவதில் வேறுபாடு அற்பம், மோலுக்கு ஏறக்குறைய 3 கிலோஜூல். இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது: ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு வலுவான பிணைப்புகளில் சிக்கியிருப்பதால், இடையில் பெரிய ஆற்றல் மேடு நிற்கிறது.

கணிப்பானில் நீங்களே பாருங்கள். மேட்டை 4 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) எனக் கொள்ளுங்கள். 300 கெல்வினில், அதாவது அறை வெப்பநிலையில், வெப்ப ஆற்றல் 0.026 எலக்ட்ரான் வோல்ட். 4-ஐ இதால் வகுத்தால் 154, எனவே மேட்டைத் தாண்டும் நிகழ்தகவு e-இன் (சுமார் 2.718) அடுக்கு −154, அதாவது 10-இன் அடுக்கு −67. 2000 கெல்வினிலோ அது 10-இன் அடுக்கு −10 ஆகிவிடுகிறது. காற்றில்லாத உலையில் வைரம் உண்மையிலேயே கிராஃபைட்டாகிறது.

4 என்பது கணக்குக்கான எண் மட்டுமே. கல்லின் பரப்பிலும் அணு அடுக்கில் குறைபாடுள்ள இடங்களிலும் மேடு தாழ்வாக இருக்கும். காற்றில் சூடாக்கினால் கதையே வேறு, வைரம் எரியும். அதனால்தான் நகை பற்றவைப்போர் கல்லின்மீது போரிக் அமிலம் பூசிக்கொள்கிறார்கள்.