புது ஐயர் வரும் ஞாயிறு

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சி.எஸ்.ஐ. சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில், ஐந்து வருஷம் இருந்த ஐயருக்கு (போதகரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) மாற்றல் வந்துவிட்டது. பெண்கள் அழுகிறார்கள். வாலிபர்கள் பேராயருக்கு மனு கொடுக்கக் கையெழுத்து வாங்குகிறார்கள். புது ஐயர் வரும் ஞாயிறு கோயிலுக்கே போவதில்லை என்றும் பேச்சு. நான் கமிட்டியில் இருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம் என்ற வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அழுகிறவர்களை அழ விடுங்கள். ஐந்து வருஷத்தில் எத்தனை பேரை அவர் அடக்கம் பண்ணியிருப்பார், எத்தனை பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருப்பார்! எனக்குப் பயமெல்லாம் அந்த மனுதான். மனு போனால் ஐயரே தூண்டிவிட்டார் என்பார்கள். அவர் போய்ச் சேருமுன்பே அந்தப் பேச்சு அடுத்த சேகரத்துக்குப் போய்விடும்.

நம் பக்கத்துச் சபைகள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயரை ஜனங்கள் உயிராக நேசித்தார்கள். ஐயருக்கு உதவியாக ஊழியம் செய்யும் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பது பற்றிய தகராறு முற்றி, 1835இல் அவரை அனுப்பிய சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கம் அவரை விலக்கியது. ஊரை விட்டுப் போனவரை உபதேசியார்கள் பலர் திரும்ப அழைத்தார்கள். அவரும் வந்தார். சபைகள் இரண்டாகப் பிரிந்தன. 1838இல் அவர் மறைந்த பிறகுதான் பெரும்பாலும் ஒன்றுகூடின. அந்த அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் ஒரே ஊருக்குள் ஜனங்கள் எதிரெதிராக நின்றார்கள்.

என் பதினாறு வயதில் எங்கள் சேகரத்திலும் இப்படி ஒரு ஞாயிறு வந்தது. புது ஐயரின் முதல் திருவிருந்து. முழங்காலிட்டவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தபடி அவர் நின்றார். அப்பம் வாங்க எழுந்து போகாதவர்களில் நானும் ஒருவன். அந்த முகம் இன்றும் என்னை விடவில்லை.

அன்று சாயங்காலமே எங்கள் உபதேசியார் டார்ச் லைட்டோடு அவரை வீடு வீடாகக் கூட்டிப் போனார். கமிட்டி ஆட்கள் வீட்டுக்கு அல்ல, படுக்கையில் கிடப்பவர்கள் வீட்டுக்கு முதலில். வாசலில் நிறுத்தி, “இந்த அம்மாவுக்குச் சரியாக் காது கேக்காது, பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணுங்க” என்று மெதுவாகச் சொல்வாராம். கிறிஸ்துமஸுக்குள் பாதிக் கோபம் அடங்கிவிட்டது. யாரும் சமாதானக் கூட்டம் போடவில்லை.

நீங்களும் அதைச் செய்யுங்கள். நோயாளிகள், சமீபத்தில் துக்கம் நடந்த வீடுகள், தனியாக இருக்கும் முதியவர்கள் எல்லாரையும் ஒரு நோட்டில் எழுதித் தரும்படி பழைய ஐயரையே கேளுங்கள். அப்புறம், பிரிவு உபசாரத்தில் அவர் வாயாலேயே ஒன்று சொல்லச் சொல்லுங்கள்: இனி கல்யாணமோ ஞானஸ்நானமோ, புது ஐயர் கூப்பிட்டால்தான் வருவேன் என்று. நீங்கள் சொன்னால் சண்டை, அவர் சொன்னால் கேட்பார்கள். சபை வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் அவர் விலகிக்கொள்வது நல்லது. இதைச் சொல்லத்தான் சங்கடமாக இருக்கும், சரி, சொல்லிவிடுங்கள்.

புது ஐயரின் சாமான் லாரி பெரும்பாலும் இரவில்தான் வந்து சேரும். ஐயரம்மாவும் பிள்ளைகளும் களைத்துப் போயிருப்பார்கள், அடுப்பு பற்றவைக்க முடியாது. யார் வீட்டிலிருந்து சாப்பாடு போகிறது என்று இப்போதே பேசி வையுங்கள். சாமான் இறக்க, கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும் அந்த வாலிபர்களையே கூப்பிடுங்கள்.

அன்புடன்.