வயிற்றுவலிக்கு ஒலிப்பதிவா?

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. ஒரு வருடமாகத் தொப்புளைச் சுற்றி வலி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி. ஒலிப்பதிவு கேட்டுச் செய்யும் ஹிப்னோதெரபி உதவுமா டாக்டர்?

பதில்: உதவலாம், அம்மா. முதலில் ஒன்று: அவள் நடிக்கவில்லை, வலி நிஜம். என்னிடம் வரும் பெற்றோரிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஹிப்னோதெரபியில் மயக்கமெல்லாம் கிடையாது. கண்ணை மூடி, வயிற்றில் இதமான சூடு பரவுவதாகக் கற்பனை செய்யும் பயிற்சிதான். நெதர்லாந்தில் இப்படி வலியுள்ள 260 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்து, ஹிப்னோதெரபி நிபுணரிடம் போனவர்களில் 71 சதவீதம், வீட்டில் பயிற்சி சிடி கேட்டுச் செய்தவர்களில் 62 சதவீதம் பேருக்கு வலி பாதியாவது குறைந்திருந்தது.

எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, வலி தூக்கத்தைக் கலைத்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.